பன்னிரண்டு நாள் சேறு

உயிரே போனாலும் படகுச் சாவியைத் தருவதில்லை என்று அனியெல்லோ சபதம் எடுத்து இந்த ஏப்ரலோடு பத்தொன்பது வருஷம் ஆகிறது. சாவி அவர் கழுத்தில் தொங்கியது. ஒரு கறுப்புக் கயிறு, அதில் அந்தோணியார் பதக்கம், பதக்கத்துக்குப் பக்கத்திலேயே சாவி. குளிக்கும்போதும் கழற்ற மாட்டார். தூங்கும்போது பனியனுக்குள் தள்ளி, மேலே சட்டையும் போட்டுப் பித்தானை மாட்டிக்கொள்வார். பக்கத்தில் படுத்திருப்பது திருடனல்ல, முப்பது வருஷமாகக் குடித்தனம் நடத்தும் மனைவி. இருந்தாலும் தித்தினாவைப் பற்றி அவருக்குத்தான் தெரியும்.

தித்தினாவின் கோரிக்கை ஒன்றும் பெரியதல்ல. ஜூன் பிறந்தால் இத்தாலியின் இஸ்கியா தீவுக்குள் ஜெர்மன்காரர்கள் சுற்றுலா வந்து இறங்குவார்கள். எல்லோருக்கும் மலைக்கு அந்தப் பக்கம், பாறை இடுக்கில் வெந்நீர் பொங்கிக் கடலில் கலக்கும் அந்தக் குடாவுக்குப் போக வேண்டும். கூட்டிப் போகப் படகு போதாது. அனியெல்லோவின் படகோ சந்த் ஆஞ்சலோ துறையில் கட்டிக் கிடக்கும். தோன்றினால் மீன் பிடிக்கப் போவார். பெரும்பாலும் தோன்றாது.

"நான் ஓட்டிட்டுப் போறேன்ங்க."

"எதை?"

"படகை."

"நீயா? தையல் மிஷினையே உனக்கு நேரா ஓட்டத் தெரியாது."

"ஜெர்மன்காரங்களைத் தையல் மிஷின்லயா உக்கார வைக்கப் போறேன்?"

"படகுன்னா சும்மாவா? பின்பக்கமா எடுத்து, ரெண்டு படகுக்கு நடுவுல நுழைச்சுக் கட்டணும். எனக்கே சில நாள் இடிக்கும்."

"சில நாளா?" என்று கேட்டுவிட்டுத் தித்தினா முயல்களுக்குத் தழை போடப் போய்விடுவாள். இப்படியே பத்தொன்பது வருஷம் ஓடிற்று.

இந்த ஏப்ரலில்தான் அனியெல்லோவின் வலதுகால் கட்டைவிரல் வீங்கிக் கிளம்பியது. ஒரு காலை, போர்வை நுனி பட்டதற்கே அவர் போட்ட அலறலில் மேட்டுத் தெரு நாய்கள் எல்லாம் பதில் குரல் கொடுத்தன. விரல் தக்காளி மாதிரி சிவந்து, இன்னொருத்தர் விரலை ஒட்டவைத்தது போல் இருந்தது. தித்தினா அவரைக் கைத்தாங்கலாக டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் விரலைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். "யூரிக் அமிலம்" என்றார். "மட்டி கூடாது. இறால் கூடாது. நெத்திலி கூடாது. கணவாய் கூடவே கூடாது."

"மீன்?"

"கொஞ்ச நாளைக்குக் கடல்ல இருந்து வர்ற எதுவும் வேண்டாம்."

"சுத்தியும் கடல்தான் டாக்டர் இருக்கு!"

"பாத்துக்கிட்டு இருங்க. பாக்கறதுக்குத் தடையில்லை" என்றார் டாக்டர். "அதோட, கடற்கரைக் குளியல் நிலையத்துல சூடான சேறு பூசிக்கணும். சீட்டு எழுதித் தர்றேன்."

அனியெல்லோ கோபமாக நொண்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டார். சீட்டை வாங்கத் தித்தினா உள்ளே நின்றாள். ஐந்து நிமிஷம் கழித்து மடித்த சீட்டோடு வந்தாள்.

"எத்தனை நாளாம்?"

"பன்னிரண்டு நாள்."

"பன்னிரண்டா! நான் என்ன மண்பானையா?"

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அசுந்தா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஊர்ச் செய்தி எதுவும் அவளைத் தாண்டிப் போக முடியாது. "என்ன அண்ணே, மீன் கூடாதாமே? தாங்குவீங்களா?" என்றாள். செய்தி அனியெல்லோவை முந்திக்கொண்டு வந்திருந்தது.

"பன்னிரண்டு நாள்தானே? நினைச்சா பன்னிரண்டு மாசம் இருப்பேன்!"

"இருக்க மாட்டீங்க" என்றாள் தித்தினா.

"இருந்துட்டா?"

"இருந்துட்டா படகைப் பத்தி இனிமே வாயே திறக்க மாட்டேன். இல்லைன்னா சாவி எனக்கு. அசுந்தா, நீதான் சாட்சி."

அனியெல்லோ கணக்குப் போட்டார். பன்னிரண்டு நாள் வாயைக் கட்டினால் பத்தொன்பது வருஷத் தொல்லை ஒழியும். ஒத்துக்கொண்டார். அப்போது அவர் உண்மையாகவே வாயைக் கட்டத்தான் நினைத்தார். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பாவம்.

மறுநாள் காலையில் தித்தினா அலுமினியத் தாளில் சுருட்டிய பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்தாள். உள்ளே உருளைக்கிழங்கு. குளியல் நிலையம் இருக்கும் மரோன்டி கடற்கரையில் ஓரிடத்தில் மணலுக்கு அடியிலிருந்து ஆவி வரும். காலை வைக்க முடியாது. ஊர்க்காரர்கள் முட்டையோ கோழியோ கிழங்கோ எதையும் தாளில் சுற்றி அங்கே புதைத்து, மேலே ஒரு குச்சியை நட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். திரும்பி வரும்போது வெந்திருக்கும். அடுத்தவர் குச்சியை யாரும் தொட மாட்டார்கள். இந்தத் தீவில் அடுத்தவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழையலாம், அடுத்தவர் பொட்டலத்தைத் தோண்டக் கூடாது.

குளியல் நிலையத்தில் சேறு பூசுபவள் தித்தினாவின் சித்தி மகள் லோரேத்தா. மண்வெட்டி பிடித்தாலும் பொருந்தும் கைகள் அவளுக்கு.

"கழுத்துல இருக்கறதைக் கழட்டுங்க அத்தான்."

"கழட்ட மாட்டேன்."

"சேறு என்ன சூடு தெரியுமா? இரும்பு காஞ்சா நெஞ்சுல சாவி அச்சு விழுந்துடும். அப்புறம் அதையும் கழட்ட முடியாது."

"அந்தோணியாராவது கூட இருக்கட்டும்."

"அவர் வெளியில காத்தாட இருக்கட்டும். குடுங்க."

கயிறு ஒரு பீங்கான் கிண்ணத்துக்குள் போய், கிண்ணம் கதவுக்கு வெளியே போயிற்று. கழுத்து முதல் கால்வரை கறுப்புச் சேறு. அதன்மேல் துணி, துணிமேல் கம்பளி. பிறகு வெந்நீர்த் தொட்டி. பிறகு மறுபடி போர்த்திக்கொண்டு வியர்க்க வேண்டும். ஜன்னல் கிடையாது. ஒன்பது மணிக்குப் படுத்தவரை லோரேத்தா பத்தரைக்குத்தான் எழுப்பினாள். எழுந்ததும் சாவியை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பொட்டலத்தைத் தோண்டி எடுத்து ஒரு கிழங்கைக் கடித்தார். உப்பில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. விரதம் அங்கேயே முடிந்தது.

மணலின் ஓரத்தில் அவருடைய சிநேகிதன் தத்தோன்னோ வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருக்கும் மீனவன்.

"டேய், நாளைக்குக் கொஞ்சம் மட்டி கொண்டுவா. தாள்ல சுத்தி என் குச்சிக்குப் பக்கத்துல புதைச்சுடு."

"சாவி போயிடுமே அண்ணே?"

"யார் சொல்லப் போறா? நீயா?"

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்றான் தத்தோன்னோ, வலையிலிருந்து தலையை எடுக்காமல்.

இரண்டாம் நாள் மட்டி. மூன்றாம் நாள் இறால். அப்புறம் பூண்டும் எலுமிச்சையும் வைத்த ஒரு முழு விளைமீன். அதை மணலிலிருந்து எடுத்துத் தாளைப் பிரித்தபோது வந்த ஆவியை அனியெல்லோ வீணாக்காமல் மூக்கால் இழுத்துக்கொண்டார். தித்தினா கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்காமலே பாறைக்கு அந்தப் பக்கம் கடலில் எறிந்துவிடுவார். தத்தோன்னோவையும் சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்தார். "வயிறு நிறைஞ்சிருக்கு அண்ணே" என்று ஏப்பம் விட்டான். கட்டைவிரலின் நிலைமைதான் பரிதாபம். சேறு வீக்கத்தை இறக்க, இறால் அதை ஏற்ற, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அது நடுவில் நின்றது.

மத்தியானம் வீட்டில் விசாரணை நடக்கும்.

"கிழங்கு எப்படி இருந்துச்சு?"

"வெண்ணெய்!"

"வெந்துச்சா?"

"வாயில வச்சா கரையுது. உன் கைராசி தித்தினா."

"தோலோடயா சாப்பிட்டீங்க?"

"தோலை எதுக்கு வீணாக்கணும்? அதுலதான் சத்தே இருக்கு."

தித்தினா தலையை ஆட்டுவாள். அவள் இவ்வளவு சாதுவாகிவிட்டதைப் பார்த்து அனியெல்லோவுக்கே அவள்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

ஏழாம் நாள் துறைப்பக்கம் போனவர் படகில் ஏறிப் பார்த்தார். எஞ்சின் மூடியில் கை வைத்தால் சூடாக இருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மண் சுடும், கிணறு சுடும், கடலே இடத்துக்கு இடம் சுடும் ஊர் அது. எஞ்சின் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

பன்னிரண்டாம் நாளும் முடிந்தது. அனியெல்லோ ராஜா மாதிரி நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அசுந்தாவையும் கூப்பிட்டு முற்றத்தில் உட்கார வைத்தார்.

"ஜெயிச்சாச்சு. இனிமே இந்த வீட்டுல படகுன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாது."

"சரிங்க" என்றாள் தித்தினா. "இன்னைக்குக் கிழங்கு எப்படி?"

"இன்னைக்குத்தான் அமோகம். கடைசி நாள்னு கிழங்குக்கே தெரிஞ்சுபோச்சு போல. மாவு மாதிரி உதிர்ந்துச்சு."

"நேத்து?"

"நேத்தும்தான்."

"அஞ்சாம் நாள்?"

"எல்லா நாளும்தான்! உனக்கு என்ன, எழுதிக் குடுக்கணுமா?"

"வேண்டாம், அசுந்தா கேட்டுட்டா, அது போதும். நாலாம் நாள்ல இருந்து நான் கிழங்கே வைக்கலை. முயல் கூண்டுக்குப் பின்னாடி இருந்து பொறுக்கின கல்லு."

அசுந்தா உரித்த பட்டாணியை மடியில் போட்டுவிட்டு அனியெல்லோ பக்கம் திரும்பினாள்.

அனியெல்லோ லேசுப்பட்டவர் இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி. ஒத்துக்கறேன். பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை. கடல்ல போட்டேன். ஏன் போட்டேன்? விரதம்! மீன் இல்லாத வாய்க்குக் கிழங்கு மட்டும் எதுக்குன்னு பட்டினி கிடந்தேன். உன் மனசு நோகக் கூடாதேன்னு பொய் சொன்னேன். பந்தயம் மீனைப் பத்தித்தானே? கல்லைத் தின்னேன்னு சொன்னது குத்தமா?"

அசுந்தா தித்தினாவைப் பார்த்தாள். இது நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு.

"ஐயோ பாவம்!" என்றாள் தித்தினா. "பதினொரு நாள் பட்டினியா? காலையில சேத்துக்குள்ள, மத்தியானம் நான் போட்ட வெறும் கீரை சூப்பு." ஏப்ரன் பையில் இருந்து குளியல் நிலையத்து எடை அட்டையை எடுத்தாள். "முதல் நாள் எடை எண்பத்தாறு கிலோ. இன்னைக்கு எண்பத்தொன்பதரை."

"அது... சேறு. உடம்புல ஊறியிருக்கும்."

அசுந்தா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பட்டாணி முற்றமெங்கும் ஓடிற்று. முயல்கள் கூண்டுக்குள் மிரண்டன. அனியெல்லோவுக்கு உள்ளபடியே அவமானமாக இருந்தது. பத்தொன்பது வருஷம் கட்டிக் காத்த கோட்டை அவர் கண்ணெதிரே சரிந்தது. ஆனாலும் ஒரு செங்கல்லையாவது காப்பாற்றப் பார்த்தார்.

"சாவி தர்றேன். ஆனா படகு என் பேர்ல இருக்கு. நாளைக்கு நாலு பேர் எதிர்ல ஓட்டிக் காட்டணும். குடாவுக்குப் போய்த் திரும்பி, பின்பக்கமா எடுத்து, தன் இடத்துல கட்டணும். ஒரு இடி இடிச்சாலும் சாவி என் கழுத்துக்கு வந்துடணும்."

தித்தினா முகம் வாடினாள். "ஒரே ஒரு இடி கூடவா கூடாது?"

"கூடாது."

"நான் பொம்பளைங்க..."

"படகுக்கு அது தெரியாது!"

"சரி, உங்க இஷ்டம்" என்று பெருமூச்சு விட்டாள். அனியெல்லோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் காலை சந்த் ஆஞ்சலோ துறையில் நாலு பேர் என்ன, நாற்பது பேர் நின்றார்கள். அனியெல்லோ கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, படகின் முன்பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். கட்டைவிரல் வலித்தது, உடனே காலை இறக்கிக்கொண்டார். இடிக்கும்போது என்ன சொல்வது என்று இரண்டு மூன்று வாக்கியங்களைத் தயாராக வைத்திருந்தார்.

சாவியை முதல் தடவை திருகியதுமே எஞ்சின் பிடித்துக்கொண்டது. வேறு யார் திருகினாலும் அது நாலு தடவை இருமாமல் கிளம்பாது. தித்தினா துறையை விட்டு வெளியே வந்தாள். எதிரே வந்த பெரிய படகின் அலையைப் பக்கவாட்டில் வாங்காமல் மூக்கைத் திருப்பி வாங்கினாள். குடாவுக்குள் வெந்நீர் வரும் பாறைகளுக்கு நடுவில், அனியெல்லோ இதுவரை நுழையப் பயந்த இடம் வரைக்கும் போய், திரும்பினாள். திரும்பும் வழியில் ஒரு கையால் தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொண்டாள்.

துறைக்கு வந்தார்கள். வலதுபுறம் ஒரு படகு, இடதுபுறம் ஒரு படகு, நடுவில் படகைவிட ஒரு முழம் மட்டுமே அகலமான இடைவெளி. தித்தினா தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்த்தாள். எஞ்சினைத் தணித்தாள். படகு பின்பக்கமாக, கட்டிலில் ஏறிப் படுக்கும் பூனை போலச் சத்தமில்லாமல் போய்த் தன் இடத்தில் நின்றது. இரண்டு பக்கத்துப் படகுகளும் அசையக்கூட இல்லை. கரையில் கைதட்டல் எழுந்தது. தயார் செய்த வாக்கியங்களை அனியெல்லோ விழுங்கிக்கொண்டார்.

"யார்டி உனக்குக் கத்துக்குடுத்தது?"

"தத்தோன்னோ அண்ணன்."

அனியெல்லோ கரையைப் பார்த்தார். தத்தோன்னோ ரொம்பக் கவனமாக வானத்தைப் பார்த்தான்.

"அவனா? அந்த ஓட்டைவாயனா? என்ன குடுத்தே அவனுக்கு?"

"தினமும் ஒரு தட்டு முயல் கறி. மீன் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சாம் அவருக்கு."

"எப்போ கத்துக்கிட்டே?"

"காலையில ஒன்பதுல இருந்து பத்தரை வரைக்கும். நீங்க சேத்துக்குள்ள இருந்தப்போ."

"சாவி?"

"லோரேத்தா கிண்ணத்தோடவே குடுத்துடுவா. பத்தரைக்குள்ள திருப்பி வச்சுடுவேன்."

அனியெல்லோவின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. அங்கே அந்தோணியார் மட்டும் இருந்தார். மனைவியைத் திட்ட வழியில்லை, சிநேகிதனைத் திட்டினால் இறால் விஷயம் ஊருக்கெல்லாம் விரிவாகத் தெரியும். கடைசியில் அங்கே இல்லாத ஓர் ஆளைப் பிடித்தார்.

"எல்லாம் அந்தப் பாழாப்போன டாக்டரால வந்தது! பன்னிரண்டு நாள் சேறுன்னு எழுதினானே, அவனைச் சொல்லணும்!"

"அவரை ஏன் திட்டறீங்க?" என்றாள் தித்தினா, சாவியை எஞ்சினிலிருந்து உருவி, ஒரு கயிற்றில் கோத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டே. "அவர் ஆறு நாள் போதும்னுதான் சொன்னார். ஆறு நாள்ல பின்பக்கமா எடுக்க வராதுன்னு, நான்தான் கெஞ்சிப் பன்னிரண்டா எழுதி வாங்கினேன்."