மெழுகில் செய்த சாதகம்

தினமும் ஒரு மணி நேரம் கார்னெட் என்ற குட்டி ஊதுகுழலில் சாதகம் செய்வதென்று சபதம் எடுத்தேன். எடுத்தவன் நான். எடுக்க வைத்தவள் என் மனைவி ஹெட்விக்.

"ஈஸ்டருக்குள்ள தீயணைப்புப் படை பேண்டுல சேருங்க. இல்லேன்னா எங்கண்ணனோட தொப்பிப் பட்டறை. ரெண்டுல ஒண்ணு!"

கொதிநீரும் முயல் ரோமமுமாகக் கிடக்கும் பட்டறை. அங்கே நானா? நியூவார்க்கில் இசையைப் பதிக்கும் மெழுகு உருளைகளுக்காக ஒரே நாளில் நாற்பது தடவை ஒரே மெட்டை ஊதிய காஸ்பர் டீல்மன் ஐயா நான்! அதெல்லாம் பனியில் வழுக்கி முன்பல் இரண்டும் போவதற்கு முன்னால். பொய்ப்பல்லோடு ஊதினால் வாத்துச் சத்தம்தான் வருகிறது.

பல் இருந்த காலத்து உருளை ஒன்றே ஒன்று என்னிடம் இருந்தது. அதைத்தான் மாடி அறை ஃபோனோகிராஃபில் மாட்டினேன். கதவைத் தாழிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன். சனியன், இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது! எழுந்து சாவி கொடு, முள்ளைத் திருப்பி வை, படு. ஊதியிருந்தால்கூட இவ்வளவு களைத்திருக்க மாட்டேன்.

சாப்பாட்டு மேஜையில் கேட்டாள். "மாடில யாரோ ஆம்பளை கத்துறாரே, யாருங்க?"

எல்லா உருளையிலும் முதலில் ஒருவர் மெட்டின் பெயரையும் ஊதுபவர் பெயரையும் முழங்குவார். மறந்தே போனேன்.

"நான்தான். மேடைல அறிவிக்கணுமில்ல? அதையும் பழகறேன்."

"முப்பது தடவையா?"

"பேரு மறந்துடக் கூடாதே."

"உங்க பேரா?"

சூப்பை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். நம்பிவிட்டாள் என்றே நினைத்தேன்.

பதினோராம் நாள் உருளையில் வெறும் இரைச்சல் வந்தது. முள் உரச உரச மெழுகு தேயும். எனக்குத் தெரியாதா? தெரியும். சோம்பல் கண்ணை மறைத்துவிட்டது. காதை வைத்துப் பார்த்தேன். எங்கோ தூரத்தில் நான் ஊதியது கொஞ்சம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. வெட்கத்தை விட்டு அழுதேன்.

ஹெட்விக் கதவைத் தட்டினாள். திறந்தேன்.

"தேஞ்சு போச்சா?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. ஒரு தப்புகூட இல்லாம ஊதினீங்களே!"

"பாவி, அப்பவே நிறுத்தியிருக்கக் கூடாதா? இனிமே அது கிடைக்குமா?"

"நிறுத்தணும்னுதான் தினமும் படியேறுவேன். நீங்க ஊதறது கேக்கும். பாதிப் படியிலேயே உக்காந்துடுவேன்."

அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஏப்ரனால் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்குப் பட்டறைக்குப் போயிடுங்க. அண்ணன்கிட்ட முதல் நாளே சொல்லி வெச்சுட்டேன்."