பூமாதேவிக்குச் சம்பந்தியம்மா

பூமாதேவியைக் கையெடுத்துக் கும்பிடாதவர் எங்கள் அருப்புக்கோட்டைச் சீமையில் கிடையாது. ஆனால் அவளையே "சம்பந்தியம்மா" என்று கூப்பிட்டு உறவு கொண்டாடியவர் ஈரேழு உலகத்திலும் ஒருவர்தான். எங்கள் போர்வண்டி அக்கா!

ஆழ்துளைக் கிணறு போடும் லாரிக்கு அவர் முதலாளி. அந்தத் தொழிலில் மற்ற முதலாளிகள் எல்லாம் மீசைக்காரர்கள். அக்காவுக்கு லாரிதான் மாப்பிள்ளை, தண்ணீர்தான் பொண்ணு. சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, தரையைத் தட்டிச் சொல்வார்: "சம்பந்தியம்மா, மாப்ள வந்துட்டாரு. பொண்ணச் சீக்கிரம் கெளப்பி விடுங்க!" நடுவில் பாறை வந்து மிஷின் முனகினால், "சீர் பத்தலன்னு சம்பந்தியம்மா மொரண்டு பண்றாக" என்பார்.

ஆபீஸுக்கு வருகிறவர்கள், "மொதலாளி இல்லயா?" என்பார்கள். "நான்தான்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், "இருக்காரு, பாத்ரூம் போயிருக்காரு, ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டு, அக்காவே பேசி முடித்து நாளும் குறித்துவிடுவார். பரளச்சிக்காரர் ஒருவர் எழுந்து போகும்போது, "பாவம், மொதலாளிக்கு ஓமத்தண்ணி குடுங்க" என்றாராம்.

சிரிப்புக்கு நடுவே வேதனையும் உண்டு. ஆம்பளை போட்ட போரில் தண்ணீர் வராவிட்டால் பூமி சரியில்லை என்பார்கள். அக்கா போட்டதில் வராவிட்டால் பொம்பளை ராசி என்பார்கள். பக்கத்து ஊரில் ஒரு போர் வெறும் புழுதியாகப் போனதிலிருந்து அக்காவை யாரும் கூப்பிடவில்லை. நான்தான் பிடிவாதம் பிடித்து எங்கள் கொல்லைக்கு வரவழைத்தேன். "இதுவும் போச்சுன்னா வண்டிய விக்க வேண்டியதுதாம்மா" என்று டிரைவர் என் காதில் சொன்னார்.

எங்கள் பெரிய மாமனார் வேடிக்கை பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "பொம்பள நின்னா தண்ணி கீழ போயிரும்."

"எங்கிட்டுப் போயிரும் அண்ணாச்சி? மாப்ள வெரட்டிப் பிடிச்சிருவாரு!" என்றார் அக்கா.

மதியம் வரை புழுதிதான். நான் மாரியம்மனை வேண்டிக்கொண்டே நின்றேன். திடீரென்று சேறு பீச்சியடித்தது. பின்னாலேயே தண்ணீர்! மாமனார் ஒரு கை அள்ளி வாயில் விட்டார். காறித் துப்பினார்.

"உப்பு! நான் அப்பவே சொன்னேன்ல?"

அக்காவின் முகம் வாடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனாலும் வாய் அடங்கவில்லை. "சம்பந்தி வீட்டு விருந்துல உப்புக் கொஞ்சம் தூக்கல்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அப்போது மாமனாருக்குப் பின்னால் நின்ற பெரிய அத்தை, புருஷன் முன்னால் வாய் திறந்தே நான் பார்த்திராதவர், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏம்மா, ஏனங் கழுவ, மாடு குளுப்பாட்ட இது போதும்ல? நாளைக்கு நம்ம வீட்டுக்கு வண்டிய விடு."

"ஏய், யாரக் கேட்டு?" என்று மாமனார் எகிறினார்.

"தண்ணி தூக்குறவளக் கேட்டுத்தான்."

மாமனார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

அத்தையைப் பார்த்து, தண்ணீர் தூக்குகிற மற்ற வீட்டுப் பொம்பளைகளும் அக்காவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது அக்காவின் வண்டி காரியாபட்டி வரைக்கும் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது, என் பிள்ளைகள் பேரைச் சொல்லி வேண்டி முடித்ததும் அக்கா பேரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவர் எனக்குச் சொந்தமில்லை என்பது சாமிக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுக்கொள்ளும்.