எனக்கு ஏர்கோன் தெரியாது என்று சத்தியம் செய்த கதை

கூச்சப்படுகிறவர்களால் யாருக்கும் கெடுதல் வராது என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். என் கூச்சம் என் மகளின் எதிர்காலத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

என் கூச்சம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டில் “சாப்பிட்டீங்களா?” என்று யாராவது கேட்டால், சாப்பிடாவிட்டாலும் “ஆச்சு” என்று தலையாட்டிவிட்டு, பசியோடு வீட்டுக்கு வந்து தேத்தண்ணியில் ரொட்டியை நனைத்துத் தின்கிறவள் நான். கோத்தா திங்கி பக்கம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். அந்த ஆறு வருஷத்தில் வாத்தியார் கேட்ட ஒரு கேள்விக்குக்கூட நான் வாய் திறந்ததில்லை. பதில் தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன். (அறுபத்தேழாவது வயதில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னேன். அந்த வினைதான் இது.)

என் மகள் வாசுகி ஏர்கோன் மெக்கானிக், அதாவது ஏ.சி. ரிப்பேர் செய்கிறவள். செனாயில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷம் வேலை. “பொம்பளப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை?” என்று கேட்ட சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், தீபாவளிக்கு முதல் நாள் வீட்டு ஏர்கோன் நின்றுபோனால் அவளுக்குத்தான் போன் போடுவார்கள். அவள் கைக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. வாய்தான் வராது. யாராவது உற்றுப் பார்த்துக் கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது நான் கொடுத்த சீதனம்.

ஆஸ்திரேலியாவில் திறமையுள்ள தொழிலாளி என்ற முறையில் நிரந்தரமாகக் குடியிருக்க முயற்சி செய்துகொண்டிருந்தாள். அதற்குப் புள்ளி போடுவார்களாம். வயதுக்குப் புள்ளி, ஆங்கிலத்துக்குப் புள்ளி, வேலை பார்த்த வருஷத்துக்குப் புள்ளி. (அந்தக் காலத்தில் பெண் பார்க்க வந்தவர்களும் இப்படித்தான் போட்டார்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.) அடுத்த மாதம் வாசுகிக்குப் பிறந்த நாள். அது வந்துவிட்டால் வயதுப் புள்ளி குறையும். குறைந்தால் எல்லாமே வீண். அதற்குள் ஒரு படிதான் பாக்கி. அங்கே இருக்கும் ஓர் அதிகாரி கம்ப்யூட்டர் வழியாக முகம் பார்த்துக் கேள்வி கேட்டு, இவளுக்கு உண்மையிலேயே தொழில் தெரியுமா என்று சோதிப்பார்.

மூன்று மாதம் தினமும் சமையலறையில் நடந்துகொண்டே ஒத்திகை பார்த்தாள். ஏர்கோனில் கேஸ் கசிந்தால் என்னென்ன வரிசையில் செய்ய வேண்டும் என்று விரல் விட்டுச் சொல்வாள். “ரிக்கவர், ரிப்பேர், நைட்ரஜன், வேக்குவம், ஹோல்ட், சார்ஜ்.” பழைய கேஸைச் சிலிண்டரில் பிடி, ஓட்டையை அடை, நைட்ரஜன் ஏற்றிச் சோதி, பம்ப் போட்டுக் காற்றை உறிஞ்சு, அப்படியே நிறுத்திப் பார், அப்புறம் புதுக் கேஸ் ஏற்று. நான் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். பதினோரு வருஷம் கையால் செய்ததை வாயால் சொல்லும்போது, தினமும் நைட்ரஜனில் வந்து நின்றுவிடுவாள். நான் அடுத்த காயை எடுத்து மனசுக்குள் “வேக்குவம்” என்பேன். வெளியே சொல்லவில்லை. மெக்கானிக்குக்கு நான் சொல்லிக்கொடுப்பதா?

சோதனை நாள் வெள்ளிக்கிழமை, பத்தே முக்காலுக்கு. காலண்டரை எடுத்துப் பார்த்தேன். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம்.

“நேரத்த மாத்தச் சொல்லேன்மா.”

“அலமாக்! ராகு காலம்னு வெள்ளைக்காரர்கிட்ட நான் எப்படிம்மா சொல்றது? நீங்க பேசாம இருங்க லா. அந்த ரூம்ல நான் மட்டும்தான் இருக்கணும். வேற ஆள் இருந்தா காப்பி அடிக்கிறேன்னு நிறுத்திடுவாங்க. பக்கமே வராதீங்க.”

ராகு காலத்துக்குப் பரிகாரம் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு. அதைக் கோயிலில்தான் ஏற்ற வேண்டும், வீட்டில் ஏற்றக்கூடாது. எனக்கும் தெரியும். ஆனால் கோயிலுக்குப் போனால் நாலு பேர் “என்னாக்கா விசேஷம்?” என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து வீட்டிலேயே ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் கெலாங் பாத்தா வீட்டில் சாமி அலமாரியும், இன்டர்நெட் நன்றாகக் கிடைக்கிற இடமும் ஒரே அறை.

பத்தரைக்கு வாசுகி பின்னறையில் உடை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் பூனை மாதிரி உள்ளே போனேன். நைட்டி, தலையில் எண்ணெய், அதன்மேல் துண்டு. அரை எலுமிச்சம்பழத்தைக் குடைந்து திருப்பி, நெய் ஊற்றி, திரியைக் கொளுத்தினேன். சாமி முன்னால் வைக்கப் போகிற நேரத்தில் காலடிச் சத்தம். வேறு யாராக இருந்தாலும் “விளக்கு வைக்க வந்தேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே போயிருப்பார்கள். நானோ விளக்கும் கையுமாகத் துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் புகுந்துகொண்டேன். தண்ணீர் குடிக்கத் திரும்பப் போவாள், அப்போது நழுவிவிடலாம் என்று கணக்கு.

அவள் கதவைப் பூட்டினாள். உட்கார்ந்தாள். இணைப்புக் கிடைத்துவிட்டது.

(என் ஆங்கிலம் கடைத்தெரு ஆங்கிலம். அந்த மனிதர் பேசியதை வாசுகி பிறகு ஆயிரம் தடவை சொல்லிக்காட்டியதை வைத்து எழுதுகிறேன்.)

“அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா?”

“இல்லை சார்.”

“கம்ப்யூட்டரைத் தூக்கி ஒரு சுற்றுக் காட்டுங்கள்.”

அவள் சுற்றிக் காட்டினாள். என் பக்கம் வந்தபோது மூச்சை நிறுத்தினேன். வயிற்றை உள்ளே இழுத்தேன். அது வரவில்லை. நல்ல காலம், ஜன்னல் திரை பாதி மறைத்துக்கொண்டது. சோதனை ஆரம்பமானது.

முதல் கால் மணி நேரம் வாசுகி நன்றாகத்தான் சொன்னாள். எனக்கு ஒரு பக்கம் பெருமை, இன்னொரு பக்கம் கட்டைவிரலில் சூடு. எலுமிச்சை விளக்கு கையில் பிடிப்பதற்கான சாமான் இல்லை. நெய் உருகி மணிக்கட்டு வழியாக முழங்கைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊதி அணைக்கலாம் என்றால் சாமி விளக்கை வாயால் ஊதக்கூடாது. (ஒளிந்து நிற்கிறவளுக்குச் சாஸ்திரம் வேறு!)

அப்போது அந்தக் கேள்வி வந்தது. கேஸ் கசிவை எப்படிச் சரி செய்வீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள்.

“ரிக்கவர்… ரிப்பேர்… நைட்ரஜன்…”

நின்றுவிட்டாள்.

சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. அந்த மனிதர் காத்திருந்தார். வாசுகியின் கை மேசைக்குக் கீழே இல்லாத பம்பைத் திருகிக்கொண்டிருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். கைக்குத் தெரிகிறது, வாய்க்கு வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கணம், ‘இப்படியே நின்றுபோகட்டும், என் பிள்ளை என்னோடேயே இருந்துவிடுவாள்’ என்று தோன்றியது. அப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதே என் வாய் திறந்து, “வேக்குவம்” என்றது.

மெதுவாகத்தான் சொன்னேன். அந்த அமைதியில் அது கோயில் மணி மாதிரி கேட்டது.

“யார் அங்கே?” என்றார் அவர்.

வாசுகி திரும்பினாள். நான் சந்திலிருந்து வெளியே வந்தேன். தலையில் துண்டு, நெற்றி வழிய எண்ணெய், கையில் எரிகிற விளக்கு. வாசுகி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அந்த மனிதர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“அது… என் அம்மா, சார்.”

“உங்கள் அம்மா ஏர்கோன் மெக்கானிக்கா?”

“இல்ல சார்! ஆறாம் வகுப்பு சார்!”

அவர் என்னையே நேராகப் பார்த்து, “உங்களுக்கு இது எப்படித் தெரியும்?” என்று கேட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பெரிய மனிதர் என்னிடம் கேள்வி கேட்கிறார். ‘மகள் படித்ததைக் கேட்டேன்’ என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. தெரிந்த ஆங்கிலம் ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

“ஹோல்ட். சார்ஜ்.”

அவர் நாற்காலியை மறுபடியும் முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு, “உங்கள் அம்மா சொன்னது சரி” என்றார். அதன் பிறகு, விதி விதிதான் என்று சொல்லிச் சோதனையை நிறுத்திவிட்டார்.

வாசுகி என்னைத் திட்டவில்லை. மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நாலாம் நாள் கடிதம் வந்தது. சோதனை செல்லாது. அறையில் இருந்தவர் யார், அவருக்கும் இந்தத் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரே சத்தியப் பிரமாணம் செய்து அனுப்பினால், இன்னொரு நாள் தருவதைப் பற்றி யோசிப்பார்களாம். பிறந்த நாளுக்குப் பதினாறு நாள் இருந்தது.

என் மகன் சேகர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவன். எனக்காக லீவு போட்டு, பிரமாணம் எடுக்கும் அதிகாரியிடம் காரில் கூட்டிப்போனான். வழியெல்லாம் சிரிப்பு. “திருடல, ஏமாத்தலன்னு சத்தியம் பண்ணவங்கள பார்த்திருக்கேன். தொழில் தெரியலன்னு சத்தியம் பண்றது நீங்கதாம்மா மொத ஆளு.”

அதிகாரி ஒரு மலாய்க்காரர், தங்கமான மனிதர். தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“மக்சிக்குக்கு ஏர்கோனப் பத்தி ஒன்னுமே தெரியாது?” என்று மலாயில் கேட்டார். (மக்சிக் என்றால் அத்தை. என்னைத்தான்.)

தெரியாது என்று தலையாட்டினேன்.

“அப்போ இதோ இதுல ஏன் தண்ணி சொட்டுதுன்னு மக்சிக்குக்குத் தெரியாது?” என்று தன் தலைக்கு மேலே காட்டினார். அங்கே இருந்த ஏர்கோனிலிருந்து ஒரு வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீர் வெளியே போகிற டிரெய்ன் பைப் அடைத்திருக்கிறது, வாசுகி சொந்தக்காரர்களுக்குப் போனில் நூறு தடவை சொன்னதுதான். ஊதிவிட்டால் சரியாகிவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சேகர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

“தெரியாது” என்றேன்.

முத்திரை குத்தினார். கல்யாண வீட்டு “ஆச்சு”வை விட்டால், என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே பொய், அரசாங்க முத்திரையோடு இருக்கிறது.

பிறந்த நாளுக்கு மூன்று நாள் முன்னால் மறுபடியும் தேதி கிடைத்தது. வாசுகி என்னை எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் உட்காரவைத்து, கையில் குடையைக் கொடுத்தாள். “நான் வந்து கூப்பிடுற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க. பஸ் வந்தா ஏறிடாதீங்க.” (இரண்டு பஸ் நின்றன. நான் ஏறவில்லை என்று டிரைவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, தூங்குவது போல நடித்தேன்.)

அதே மனிதர்தானாம். முதல் கேள்வியே, “இன்று அம்மா எங்கே?” வாசுகி கம்ப்யூட்டரை ஜன்னலுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடையோடு நான். ஜன்னலில் வாசுகி தெரிந்ததும், முடிந்துவிட்டது போல என்று நினைத்து எழுந்து கை ஆட்டினேன். அங்கிருந்தே “உட்காருங்க” என்று சைகை காட்டினாள். உட்கார்ந்தேன். அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் வாசுகிக்கும் சிரிப்பு வந்துவிட்டதாம். சிரித்த வாய் அப்புறம் ஒட்டவே இல்லை. நைட்ரஜனைத் தாண்டிச் சார்ஜ் வரைக்கும் ஒரே மூச்சில் போய்விட்டாள்.

பி.ஆர். கிடைத்தது, அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கலாம். போய்விட்டாள்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு ஏர்கோன் நின்றாலும், “அத்தையக் கூப்பிடுங்க… ஐயோ வேணாம், அவங்கதான் சத்தியம் பண்ணிட்டாங்களே!” என்பார்கள். பயற்றங்காய் நறுக்கினால் பேரப்பிள்ளைகள் பின்னால் நின்று “வேக்குவம்!” என்று கத்திவிட்டு ஓடுவார்கள்.

வாசுகி வெள்ளிக்கிழமைதோறும் போனில் முகம் காட்டிப் பேசுவாள். ஹலோ சொல்வதற்கு முன்னால் போனைத் தூக்கி அறையை ஒரு சுற்றுக் காட்டுவாள். “பாருங்கம்மா, ரூம்ல வேற யாரும் இல்ல. அலமாரிக்குப் பக்கத்துலயும் இல்ல.” சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

நானும் சிரிப்பேன். “சரியாத் தெரியல, இன்னொரு தடவ காட்டு” என்பேன்.

அவளுடைய அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. போனிலேயே கண்ணால் அளந்து பார்த்துவிட்டேன். நான் நிற்கலாம்.