சூட்டுக்கு அசையாத ஈஸ்ட்

மூன்றாவது குடுவையும் குழாய்த் தண்ணீராய்த் தெளிந்து நின்றது. ஈஸ்ட் வளர்ந்திருந்தால் சுண்ணாம்புத் தண்ணீராய்க் கலங்கியிருக்க வேண்டும்.

வால்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆய்வுக்கூடத்தில் அதுதான் அவர் பெயர். செல்லுக்குள் மரபணுவிலிருந்து செய்தி ஒன்று இழையாகப் பிரதியாகும். அதன் நுனியை ஒரு புரதக் கத்திரி நறுக்கும். நறுக்கிய இடத்தில் வால் ஒன்று முளைக்கும். வாலில்லாத செய்தி நிலைக்காது, செல்லும் பிழைக்காது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு மனிதர் ஆறு வருஷமாகத் தொங்குகிறார்.

அவருடைய ஈஸ்ட்டில் கத்திரி கொஞ்சம் பழுது. முப்பத்தேழு டிகிரி சூட்டில் நறுக்காது, ஈஸ்ட் செத்துவிடும். ஊரறிந்த பாடம். ஆனால் இவருடையது மட்டும் சாகாது! நீள வாலோடு கொழுத்து வளரும். ‘ஒளிந்திருக்கும் இரண்டாவது கத்திரி’ என்று பேராசிரியர் பதினேழு நாடுகளில் முழங்கி, பதினேழு கேடயங்களை அள்ளி வந்துவிட்டார். குடுவைகளை வைக்கும் சூட்டுப்பெட்டியின் முகப்பிலிருந்த 37 ஆறு வருஷமும் இம்மி அசையவில்லை. பேராசிரியரின் கோபம்கூட அவ்வளவு நிலையாக இருந்ததில்லை.

இந்த வாரம் தேர்வாளர் வருகிறார். ஈஸ்ட் வளர்வதைக் கண்ணால் பார்த்தால்தான் முனைவர் பட்டம் தருவாராம்.

மனைவி போனில் வந்தாள். “பட்டம் வந்தாத்தான் அந்தக் காலேஜ் வேலை, ஞாபகம் இருக்கா? உங்க ஈஸ்ட்டுக்கு வால் முளைக்கறதுக்குள்ள நம்ம பொண்ணு பேரன் எடுத்துடுவா!”

ஈஸ்ட் வளரப் புதிதாகக் கரைசல் காய்ச்சினார். அதிலும் செத்தது. உறைபெட்டியைக் குடைந்து மூல ஈஸ்ட்டின் கடைசிக் குப்பியை எடுத்தார். பதற்றத்தில் கதவைச் சாத்த மறந்தார். பாதிக் கட்டடத்தின் சேமிப்பு உருகி ஓடியது. மூன்று சகாக்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நாலாமவர் பேசினார், அது இன்னும் மோசம்.

கடைசிக் குப்பியும் செத்தது.

பேராசிரியரிடம் ஓடினார். “சார், தேர்வாளரைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா?”

“பயமா உனக்கு? தைரியம் வரட்டும், இயக்குநரையும் கூப்பிடறேன். நாலு பத்திரிகைக்காரங்களும் வரட்டும்!”

வந்தார்கள். தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் குடுவையைப் பார்த்தார்.

“தண்ணி தெரியுது. ஈஸ்ட் எங்கேய்யா?”

பேராசிரியர் வால்காரரை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். “நான் அப்பவே சொன்னேன், இவன் கை சுத்தமில்லைன்னு.”

“ஆறு வருஷம், சார்…” வால்காரர் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். “ஒரு தடவைகூடச் சாகலை. இந்த வாரம்தான்…”

குடுவை கழுவும் அக்கா தட்டோடு எட்டிப் பார்த்தாள்.

“என்ன தம்பி, இன்னுமா ஆகலை? ஆறு வருஷமா நீங்க படற பாட்டைப் பார்க்கச் சகிக்காமதானே போன வாரம் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து அந்தப் பெட்டியைச் சரி பண்ண வெச்சேன்! நம்பர்தான் எரிஞ்சுதாம், வாங்கின நாள்லேருந்து அது ஒருநாள்கூடச் சுட்டதே இல்லையாம்!”