ஒன்மோர் அண்ணன் எடுத்த கல்யாணம்

கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே மாப்பிள்ளை ஐந்து முறை மண்டபத்துக்குள் நுழைந்த கல்யாணம் என்னுடையதாகத்தான் இருக்கும். ஐந்து முறையும் ஆரத்தி எடுத்தார்கள். மூன்றாவது முறையோடு ஆரத்தித் தண்ணீர் தீர்ந்துபோக, என் சித்தி சமையல்கட்டுக்கு ஓடிப்போய் ரோஸ் சிரப்பைக் கரைத்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளையின் நெற்றியில் எறும்பு ஏறியதற்கு அதுதான் காரணம். சித்தி ஓடியதற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் "ஒன் மோர்!" என்று கத்திய வீடியோக்காரர் ஒன்மோர் அண்ணன்.

அவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் கொடுத்த கார்டில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'இயக்குநர்' என்று மட்டும் போட்டிருந்தது. வாரத்தில் ஆறு நாள் அவர் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வெள்ளை வேன் ஓட்டுவார். ஏழாவது நாள் அதே வேன் 'அவுட்டோர் யூனிட்' ஆகிவிடும். ஐம்பது வயதிருக்கும். தலையில் எப்போதும் ஒரு தொப்பி. அது நேராக இருந்தால் டிரைவர், திருப்பிப் போட்டிருந்தால் டைரக்டர். அதுவரை எட்டுக் குறும்படங்கள் எடுத்திருந்தார். எட்டிலும் நடித்தவர்கள் அவர் வேனில் வேலைக்குப் போகிறவர்கள்தான். சிவப்பு விளக்கு விழுந்தால் போதும், பின்பக்கம் திரும்பி, "டேய், நேத்து குடுத்த டயலாக்கைச் சொல்லு பாப்போம்" என்பாராம்.

நாங்களாக அவரைத் தேடிப் போகவில்லை. ஏற்கெனவே பேசி வைத்திருந்த வீடியோக்காரர், கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அதே முகூர்த்தத்தில் தனக்கே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று கழன்றுகொண்டார். முகூர்த்த மாதம். வேறு ஒருவரும் கிடைக்கவில்லை. என் வருங்காலக் கணவர் குணாவின் நண்பர்தான் ஒன்மோர் அண்ணனின் நம்பரைக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "பொறுமை இருந்தா மட்டும் கூப்பிடு லா" என்றிருக்கிறார். குணா அதை என்னிடம் சொல்லவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். எதிரே உட்கார்ந்து, தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒரு பள்ளிக்கூட நோட்டைத் திறந்தார்.

"கதை என்னம்மா?"

"கதையா? கல்யாணம்ண்ணே."

"அது கிளைமாக்ஸ். கதையச் சொல்லு."

குணா சொன்னார். "நான் ரவாங். இவங்க கிள்ளான். ஒருநாள் கேஎல் சென்ட்ரல்ல ரெண்டு டிரெயினும் லேட். அப்படியே பேச ஆரம்பிச்சோம்."

"வீட்டுல எதிர்ப்பு?"

"இல்லண்ணே. உடனே ஓகே சொல்லிட்டாங்க."

"அடிதடி?"

"இல்ல."

"ஜாதகமாவது ஒத்து வராம போச்சா?"

"ஒன்பது பொருத்தம்ண்ணே."

இழவுச் செய்தி கேட்டவரைப் போல அப்பளத்தை இலையில் வைத்துவிட்டார். "இதுல நான் என்னத்தம்மா எடுக்கறது? பேருக்கு ஒரு வில்லன்கூட இல்லியே?"

அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன். "வில்லன் இல்லண்ணே. ஆனா எங்கப்பாவும் பெரியப்பாவும் பேசி ஆறு வருஷம் ஆச்சு."

அண்ணன் தம்பி சண்டைக்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. பெரியப்பா மகள் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுத்தபோது அப்பா கழிவறைக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் படம் எடுத்து முடித்துவிட்டார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அப்பா இல்லாத அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுப் பெரியப்பா வீட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டார்கள். "அஞ்சு நிமிஷம் உள்ள போயிட்டு வர்றதுக்குள்ள என்னையக் குடும்பத்துல இருந்தே தூக்கிட்டான்" என்று அப்பா சொன்னார். "அஞ்சு நிமிஷமா? அரை மணி நேரம்" என்று பெரியப்பா சொன்னார். அந்த இருபத்தைந்து நிமிட வித்தியாசத்தில் ஆறு தீபாவளி போய்விட்டது.

எனக்கு அது சிரிப்பான விஷயமில்லை. அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. ஆரம்பப் பள்ளியின் ஆறு வருடமும் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போய் விட்டவர் பெரியப்பாதான். மழை வந்தால் தன் ரெயின்கோட்டை எனக்குப் போட்டுவிட்டு அவர் நனைவார். அம்மா பத்திரிகை வைக்கப் போனபோது, "வரேன். ஓரமா உக்காந்து சாப்பிட்டுட்டு போயிருவேன். மேடைக்கெல்லாம் கூப்பிடாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதை நினைத்தால் பட்டுப்புடவை எடுக்கப் போன கடையிலும் எனக்கு அழுகை வந்தது. கடைக்காரர் விலையைக் கேட்டுத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்மோர் அண்ணன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ம்ம். லைன் நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டாவது ரசம் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்துக்கு முந்தைய அவுட்டோர் படப்பிடிப்புக்குக் கேமரன் மலைக்குப் புறப்பட்டோம். வேனின் நெற்றியில் மலாயில் 'பாஸ் கிலாங்', அதாவது தொழிற்சாலை பஸ், என்று எழுதியிருந்தது. காலை ஆறரை மணி. கிள்ளானைத் தாண்டுவதற்குள் ஒரு நிறுத்தத்தில் நின்றிருந்த ஒருவர் கையைக் காட்டி ஏறிக்கொண்டார். செல்வம் என்று பெயர். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அன்றைக்கு ஓவர்டைம் என்று நினைத்துச் சாப்பாட்டு டப்பாவோடு நின்றிருந்தார். ஒன்மோர் அண்ணன் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏறிய வேகத்தில் செல்வம் தூங்கிவிட்டார். கண்ணைத் திறந்தபோது, அடிவாரத்துத் தாப்பா டவுனைத் தாண்டி வேன் மலை ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ரூட்டை மாத்திட்டாங்களா?"

"ஆமாடா. இன்னைக்கு மலை மேல ஷிப்ட்."

செல்வம் சிறிது நேரம் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தார். பிறகு, "குளிருதுண்ணே" என்றார். ஒன்மோர் அண்ணன் ஒரு பெரிய வெள்ளித் தகடு ஒட்டிய அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "இதைப் புடி. வெளிச்சம் பொண்ணு மொகத்துல அடிக்கணும். வேலை செஞ்சா குளிராது."

அந்த மலைப்பாதையின் வளைவுகள் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கட்டியிருந்த மஞ்சள் புடவையோடு சாலையோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். தலையைத் தூக்கினால் எதிரே கேமரா. "நேச்சுரலா இருக்கும்மா! அப்படியே மாப்பிள்ளைய ஒரு பார்வை பாரு." பார்த்தேன். அந்தப் பார்வையில் காதல் இல்லை என்று குணா இன்னமும் சொல்வார்.

போகும்போதும் வரும்போதும் வேனில் அவருடைய இசை ஓடியது. அடுத்தவர் பாட்டைப் போட்டால் இணையத்தில் வீடியோவைத் தூக்கிவிடுவார்கள் என்று எல்லா மெட்டையும் அவரே போடுவார். வீட்டில் ஒரு பழைய கீபோர்டு. அதில் ஒரு கட்டை வேலை செய்யாது. அதனால் அவர் பாட்டு எல்லாமே ஓர் இடத்தில் நொண்டும். "அது தனி ராகம்மா" என்றார். தாளத்துக்கு வேனின் இண்டிகேட்டர் சத்தத்தைப் பதிவு செய்திருந்தார். டிக் டிக், டிக் டிக் என்று பாட்டு முழுக்க யாரோ வலது பக்கம் திரும்பிக்கொண்டே இருப்பார்கள்.

கல்யாண நாள் வந்தது. கிள்ளானில் ஒரு கோயில் மண்டபம். மாப்பிள்ளை நுழைந்த கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஐந்தாவது முறை நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "பாஸ், எனக்கு மூச்சு ஒண்ணுதான் இருக்கு" என்றார். அப்போதுதான் ஒன்மோர் அண்ணன் திருப்தியடைந்தார்.

பெரியப்பா சொன்னபடியே ஓரமாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மணமகள் அறையின் கதவு இடுக்கில் நின்று நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்மோர் அண்ணன் பெரியப்பாவிடம் போனார்.

"அங்கிள், ஒரு சின்ன ஹெல்ப். சீர்த்தட்டுல ஒண்ணு ரொம்ப கனம். ரெண்டு பேர் தூக்கணும். உங்க ஹைட்டுக்கு ஆள் கிடைக்கல."

மண்டபத்தில் அவர் உயரத்துக்கு நாற்பது பேராவது இருந்தார்கள். ஆனால் கையில் கேமராவோடு ஒருவர் கெஞ்சினால் மறுக்க யாராலும் முடிவதில்லை. பெரியப்பா வாசலுக்குப் போனார். அங்கே பெரிய பித்தளைத் தாம்பாளம். ஆரஞ்சும் ஆப்பிளும் மலைபோல் குவிந்திருந்தன. அதன் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் அப்பா.

முதல் முறை இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். "ஒன் மோர்!" இரண்டாவது முறை பெரியப்பா வேகமாகப் போக, அப்பா மெதுவாகப் போக, ஆரஞ்சுகள் உருண்டு நாற்காலிகளுக்கு அடியில் ஓடின. "ஒன் மோர்!" மூன்றாவது முறை அப்பா செல்வத்தைப் பார்த்து, "மெதுவா நடக்கச் சொல்லுங்க" என்றார். வெள்ளி அட்டையோடு கல்யாணத்துக்கும் வந்து நின்றிருந்த செல்வம் பெரியப்பாவைப் பார்த்தார். ஒன்மோர் அண்ணன் குறுக்கே வந்தார்.

"அவன் லைட்டிங் டிபார்ட்மெண்ட் அங்கிள். அவன்கிட்ட பேசாதீங்க. உங்களுக்குள்ள பேசிக்குங்க. ஒன் மோர்!"

நான்கு. ஐந்து. இரண்டு பேருக்கும் பட்டுச்சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அம்மா போய்த் தடுக்கப் பார்த்தாள். சித்தி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஆறாவது முறை வாசலில் தாம்பாளத்தைத் தூக்கியபோது, பெரியப்பா கேமராவை முறைத்தபடியே கேட்டார்.

"டேய் மணி, இவன் பைத்தியமாடா?"

ஆறு வருடத்தில் முதல் வார்த்தை. அப்பா இரண்டு அடி நடந்தார். பிறகு சொன்னார்.

"ஆமாண்ணே. உங்க மகதான் எங்கயோ போயி புடிச்சிட்டு வந்திருக்கா."

'உங்க மக' என்றால் நான்தான். நான் பிறந்ததிலிருந்து அப்பா அப்படித்தான் அவரிடம் சொல்வார். நடுவில் ஆறு வருடம் சொல்லவில்லை.

"ஒன் மோர்!" என்றது வாசலில் ஒரு குரல்.

தாம்பாளத்தைத் தரையில் வைத்துவிட்டு அண்ணனும் தம்பியும் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தார்கள். "யோவ், மனுசனாய்யா நீ?" என்றார் அப்பா. "எனக்கு முட்டி ஆபரேசன் பண்ணிருக்குய்யா!" என்றார் பெரியப்பா. "உங்களுக்கு எப்பண்ணே ஆபரேசன் பண்ணாங்க? யாரும் எனக்குச் சொல்லவே இல்லியே?" என்று அப்பா திரும்பினார். ஒன்மோர் அண்ணன் மட்டும் கேமராவை இறக்கவே இல்லை. இரண்டு பேரும் குனிந்து பெரியப்பாவின் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மிக மெதுவாக, "ஓகே. கட்" என்றார்.

மேடையில் தாலி கட்டும்போதும் அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதை மழை ஓய்ந்ததும் கூட்டத்துக்குள்ளிருந்து, "சாமி, ஒன் மோர்!"

ஐயர் எழுந்தே விட்டார். "மூணு முடிச்சுதான்யா சாஸ்திரம்! நாலாவது முடிச்சுக்கு மந்திரம் கிடையாது!"

"போகஸ் போயிருச்சு சாமி."

"போனா போகட்டும்! கல்யாணம் ஆயிருச்சுல்ல?"

என் தாலி முகூர்த்தத்தின் அதிகாரபூர்வமான காட்சியில் இன்றைக்கும் தெளிவாகத் தெரிவது ஐயரின் ஆள்காட்டி விரல் மட்டுமே.

அப்பாவும் பெரியப்பாவும் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். இலையை எடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. ஆறு வருடத்துப் பேச்சு பாக்கி இருந்தது. நான் ரவாங்குக்குக் காரில் ஏறும்போது அழுது வழியனுப்ப அப்பாவைக் காணோம். ஆள் விட்டுத் தேடினால், பெரியப்பாவோடு சமையல்கட்டுப் பக்கம் உட்கார்ந்து ஒன்மோர் அண்ணனைத் திட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அழ வேண்டிய நேரத்தில் நானும் சிரித்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைத்தார்களோ.

படம் எட்டு மாதம் கழித்து ஒரு பென்டிரைவில் வந்தது. இரண்டே முக்கால் மணி நேரம். அதில் நானும் குணாவும் வருவது அரை மணி நேரம்கூட இருக்காது. வாந்தி எடுத்த காட்சி மெதுவான வேகத்தில், டிக் டிக் இசையோடு இருந்தது. தாம்பாளக் காட்சி மட்டும் ஆறு டேக்கும் முழுசாக இருந்தன. போன் போட்டுக் கேட்டேன்.

"அண்ணே, முதல் டேக்கே நல்லாத்தானே இருந்துச்சு? என்ன தப்பு கண்டீங்க?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ரெண்டு பேரும் பேசல. பேசாம எப்படி சீனை முடிக்கறது?" என்றார். பிறகு அவசரமாக, "வேன்ல ஆளு காத்திருக்காங்க, வெச்சிர்றேன்" என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டுத் தீபாவளிக்கு அவர் வராமல் இருந்ததில்லை. மதியம் பன்னிரண்டுக்கெல்லாம் வேன் வந்து நிற்கும். அப்பாவும் பெரியப்பாவும் வாசலிலேயே அவரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அவர் தன் பாட்டுக்கு உட்கார்ந்து சாப்பிடுவார்.

போன தீபாவளிக்கு ஒரு மணி ஆகியும் வேனைக் காணவில்லை. போனையும் எடுக்கவில்லை. அப்பா இரண்டு முறை கேட் வரைக்கும் போய்விட்டு வந்தார். மூன்றாவது முறை பெரியப்பாவும் முட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே போய் நின்றார். "வரட்டும், இன்னைக்கு இருக்கு அவனுக்கு" என்றார் அப்பா. "உள்ளயே விடக் கூடாது" என்றார் பெரியப்பா. ஆட்டிறைச்சிச் சட்டியின் மூடியை ஒருவரும் திறக்கவில்லை. எல்லாருக்கும் பசி. ஆனால், "நாம சாப்பிடலாமே" என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை.

ஒன்றரைக்கு முனையில் வெள்ளை வேன் திரும்பியது. கேட்டைத் திறக்கச் செருப்புகூடப் போடாமல் முதலில் ஓடியது நான்தான்.