கஞ்சா லேகியத்துக்கு ஒரு நோயாளி

சனிக்கெழம காலையில ஒரு பெரிய முடிவெடுத்தேங்க. இனி நான் நோயாளி.

காரணம் இருக்கு. திங்கக்கெழமையில இருந்து ரப்பர் பால் வெட்ட, தான் வேல செய்யுற தோட்டத்துல என் பேரையும் பதிஞ்சுட்டா என் சம்சாரம் சுமித்ரா. பள்ளிக்கூடத்துல இருந்தே பாதியில ஓடியாந்தவன் நான். மலையில முழுநாள் நிப்பேனா?

அப்பத்தான் போன்ல ஒரு வீடியோ பாத்தேன். அமெரிக்காவுல கஞ்சாவ மருந்தா குடுக்குறாங்களாம். ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ஒவ்வொரு சட்டமாம். நம்மளது எஸ்டேட்டு, ஒரு எழுத்துதானே கூட! யாருக்குக் கெடைக்கும்னு வரிசையா சொன்னான். ஆறு மாசத்துக்கு மேல வலி இருக்கணும். வேற மாத்திரைக்கு அது அடங்கியிருக்கக் கூடாது. முக்கியமா, அந்த மருந்த சாப்புடுறவங்க கத்தி, மெசின் தொடக்கூடாது.

ரப்பர் வெட்டுறது எதால? கத்தியால!

கேகாலை டவுன்ல ஒரு ஆயுர்வேத டொக்டரு, கஞ்சா கலந்த லேகியத்த சட்டப்படி சீட்டெழுதிக் குடுக்குறாருன்னு கேள்விப்பட்டேன். வலி நெசந்தான்னு வீட்டாள் ஒருத்தரு சாட்சிக் கையெழுத்து போடணுமாம்.

"சுமித்ரா, இடுப்பு வலி தாங்கல."

"எப்பருந்து?"

"ஆறு மாசமா."

"நேத்து வாலிபோல்ல எகிறி எகிறி அடிச்சது யாருங்க?"

"அது வலியில துள்ளுனது புள்ள."

அவ சிரிக்கல. அங்கதான் எனக்குப் பயம் புடிச்சது.

"சரி, போவோம். சாட்சி என்ன சொல்லணும்? சொல்லிக் குடுங்க."

கேகாலை வரைக்கும் பஸ்ஸுல பாடம் நடத்துனேன். மாசம், மாத்திரை, தூக்கமில்லாதது. மூணு தடவ தப்பில்லாம ஒப்பிச்சா. பின்னால வந்த பொலிஸ் ஜீப்பு என்னையத்தான் தேடுதோன்னு கூட தோணுச்சு.

"மொகத அமாரு?"ன்னு சிங்களத்துல கேட்டாரு டொக்டரு, என்ன வருத்தம்னு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள நோயாளி கதிரையில அவ ஒக்காந்துட்டா.

"வலது தோளுங்க டொக்டர். எட்டு மாசமா. ரப்பர் வெட்டி, பால் வாளி தூக்கி வந்தது. ஒரு மாத்திரைக்கும் அடங்கல. ராவுல தூக்கமில்ல. இவரு சாட்சி."

டொக்டரு தோள அமுக்குனாரு. அவ போட்ட சத்தத்துல ஜன்னல்ல இருந்த காக்கா எந்திரிச்சுப் போயிருச்சு. அது நடிப்பில்லீங்க. எட்டு மாசமா அவகூட ஒரே காம்பரா வீட்டுல இருக்கேன், எனக்கே இப்பத்தான் தெரியும்.

"டொக்டர், எனக்கும் வலி! எனக்குத்தான் கஞ்சா லேகியம்…"

"மருந்துப் பேரச் சொல்லிக் கேக்குற ஆளுக்கு அத நான் குடுக்குறதில்ல. நீங்க இங்க கையெழுத்து போடுங்க."

போட்டேன். வேற என்ன செய்ய?

"ஒரு மாசம் லேகியம். முடியுற வரைக்கும் இவங்க கத்தி தொடக்கூடாது. வேலைக்கு வேற ஆள் இருக்கா?"

"இவரு இருக்காருங்க. பேரு பதிஞ்சாச்சு."

பஸ் ஸ்டேண்டுல பொங்குனேன். "ஏமாத்திட்டியே!"

"பொய் சொல்ல வந்தது நீங்க. நெசத்தச் சொன்னது நான். இதுல யாரு யார ஏமாத்துனது?"

எனக்குப் பசி வந்துச்சு.

"சரி விடு. வீட்டுக்குப் போயி என்ன கறி ஆக்கப் போற?"

"நானா?" லேகிய டப்பாவ மடியில வச்சுத் தடவுனா. "வெங்காயம் வெட்டுறதும் கத்தியாலதாங்க."