செட்டிங் அண்ணனின் வெள்ளைப் பெட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் செட்டிங் அண்ணன் கைபட்ட பிறகு ஒழுங்காக ஓடிய சாமான் ஒன்றுகூடக் கிடையாது. கோயில் ஒலிபெருக்கியை அவர் செட்டிங் பண்ணிய அன்று, குருக்களின் மந்திரம் அடுத்த தாமான் குடியிருப்பு வரைக்கும் கேட்டது. கோயிலுக்குள் மட்டும் கேட்கவில்லை. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே ஒரு நிமிடம் யோசிப்பார்.

சுங்கைப் பட்டாணியில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. அதுவும் வாடகைதான். அவருக்குக் குளிரூட்டும் ஏர்கோன் பதினெட்டு டிகிரியில் ஓடினால்தான் மூச்சு வரும். அவர் மனைவிக்கு, அதாவது அக்காவுக்கு, இருபத்தேழுக்குக் கீழே போனால் பற்கள் தந்தியடிக்கும். ரிமோட்டை இவர் தலையணை உறைக்குள் ஒளிப்பார், அக்கா அரிசி டின்னுக்குள் ஒளிப்பார். ஒருநாள் அக்கா துணிப்பையோடு பண்டார் பாருவிலிருக்கும் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்.

"அந்த ரிமோட்டையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க" என்பதுதான் கடைசி வார்த்தை.

அண்ணன் மூன்று நாள் சவரம் செய்யவில்லை. நான்காம் நாள் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"தம்பி, புருஷன் பொண்டாட்டி கையில ரிமோட்டே இருக்கக் கூடாதுலா. மெஷின் முடிவு பண்ணணும். ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்!"

முதலில் அவர் வரவழைத்தது பனி பெய்யும் நாட்டுச் சாமான். வீட்டைச் சூடாக்குவதுதான் அதன் வேலை. கெடா வெயிலில் வீட்டைச் சூடாக்க இயந்திரம் வாங்கியவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அதற்குச் சுவரைத் துளைத்து ஆறு வயர் வேறு இழுக்க வேண்டுமாம். வீட்டுக்காரரோ காலண்டர் மாட்டவே ஆணி அடிக்க விடாதவர். அதைத் திருப்பி அனுப்பினார்.

இரண்டாவதாக ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி வந்தது. அறையின் சூட்டைப் பார்த்து, ரிமோட் போலத் தானே ஏர்கோனுக்குக் கட்டளை போடும். டேப்பில் ஒட்டினால் போதும். அதன் போன் ஆப்போ பெயர், பிறந்த நாள், இருக்கும் இடம் எல்லாவற்றையும் கேட்டது. ராசியை மட்டும் விட்டுவிட்டது. இனி எதற்கு என்று ரிமோட்டை வீட்டுக்காரரிடமே ஒப்படைத்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டார்.

"வெள்ளிக்கிழமை வந்து பாக்குறேன். குளிருச்சுன்னா அடுத்த பஸ்ஸப் புடிச்சுப் போயிருவேன்" என்றார் அக்கா.

வந்தார். துணிப்பையை வாசலிலேயே வைத்தார். சாட்சிக்கு நானும் நின்றேன். அண்ணன் சமரசமாக இருபத்தைந்து வைத்திருந்தார், அக்காவும் முந்தானையைப் போர்த்திக்கொண்டு சமாளித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். புதுச் சாமானுக்குப் பூசை போடாமல் இருக்க முடியுமா? தட்டில் சூடத்தை ஏற்றிப் பெட்டிக்கு மூன்று சுற்று காட்டினார். வீடு தீப்பிடித்துக்கொண்டது என்று பெட்டி நினைத்ததோ என்னவோ, ஏர்கோனைப் பதினாறுக்கு இறக்கியது. அது சுதாரிப்பதற்குள் அண்ணன் திருநீறு பூசி, நடுவில் ஐம்பது காசு நாணய அகலத்துக்குச் சந்தனம் அப்பிவிட்டார்.

குளிர் ஏறியது. அண்ணன் போனைக் குத்திக்கொண்டே இருந்தார்.

"இருபத்தஞ்சுன்னு அமுக்குறேன், கேக்க மாட்டேங்குதே!"

"மெயின் சுவிட்ச அடைங்க அண்ணே."

"அடைச்சா செட்டிங் எல்லாம் போயிரும் தம்பி!"

"அக்கா போயிருவாங்க அண்ணே."

அக்கா பையைத் தூக்கிவிட்டிருந்தார். அண்ணன் அதைப் பார்த்தார். போனை நாற்காலியில் எறிந்துவிட்டு ஓடிப்போய் மெயினை அடைத்தார். செட்டிங் நடுவே அவர் ஒரு சாமானை நிறுத்தியதை நான் பார்த்தது அன்று மட்டும்தான். வீடு கப்சிப்பென்று ஆனது.

அக்கா மெதுவாக வந்து முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தார். அது இருந்த இடம், பெட்டி ஏர்கோனுக்குக் கட்டளை போடும் கண்.

"சாமிக்குக் கண்ணத் திறப்பாங்க. நீங்க மூடி வச்சிருக்கீங்க" என்று சொல்லிச் சிரித்தவர், பையை உள்ளே கொண்டு போய் வைத்தார்.

அதற்குப் பிறகு அண்ணன் தானே இருபத்தேழு வைத்துவிட்டு, பனியனோடு எங்கள் வீட்டு முன்னால் உட்கார்ந்து விசிறிக்கொள்வார். கேட்டால், "அவளுக்குக் குளிரக் கூடாதுலா" என்பார்.

இப்போது பெட்டியோடு யான் என்ற ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். வேலை நேரத்தில் அண்ணன் போனில் ஆப்பைத் திறந்து பார்த்து, எனக்கும் அதைப் படமெடுத்து அனுப்புவார். அதில் ஏர்கோன் இருபத்தேழில் ஓடுவதாக இருக்கும். அக்கா வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் படம் வராத நாளில் எனக்கு வேலையே ஓடுவதில்லை.